அப்பா அடி வாங்கிய ஆட்டம்

போன வாரம் என் வீட்டுக்காரரின் கையைத் தட்டிவிட்டேன். தட்டிவிட்டேன் என்று நாகரிகமாக எழுதுகிறேனே தவிர, அது அடிதான். பளாரென்று சத்தம் கேட்டது. அவரும் திகைத்துப்போனார், நானும் திகைத்துப்போனேன்.

விஷயம் இவ்வளவுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் ஃபுட்பால் மேட்ச். எங்கள் பையனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. பையனுக்கு வருகிற மாசியில்தான் ஐந்து முடிகிறது. எனக்கோ எதற்கெடுத்தாலும் பயம். பந்து மூஞ்சியில் பட்டால், கூட்டத்தில் கை நழுவினால், வெயில் தலையில் இறங்கினால், அவசரத்துக்கு ஒன்றுக்கு வந்தால், எவனாவது குடித்துவிட்டு மேலே விழுந்தால் என்று அடுக்கிக்கொண்டே போனேன். "சரி, எந்த வயசுல கூட்டிட்டுப் போலாம், நீயே சொல்லு" என்றார். ஆறு என்றேன். யோசித்துவிட்டு எட்டு என்றேன். பிறகு பத்து.

"அதுக்கப்புறம் அவன்தான் என்னயக் கூட்டிட்டுப் போவணும்" என்று சிரித்தார். "ஒரு கீறல் இல்லாமக் கொண்டாந்து விடுறேன், போதுமா? வேணும்னா இந்தா, இவன் தலைமேல..." என்று பையனின் தலையை நோக்கிக் கையை நீட்டினார்.

அப்போதுதான் அடித்தேன்.

"ஏண்டி, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்றார். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாயால் சொல்ல வராதது எழுதினாலாவது வருகிறதா பார்க்கலாம் என்று பையனின் நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

அப்போது எனக்கும் இதே ஐந்து வயது. விக்கிரமங்கலத்தில் இருந்தோம். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். வீட்டில் அவர் இருப்பதே தெரியாது. பல்லியைக்கூட விரட்ட மாட்டார், "அது பாட்டுக்கு இருக்கட்டும் விடு" என்பார். அவர் வேறு ஆளாக மாறுகிற இடம் ஒன்றே ஒன்றுதான், சித்தப்பா பந்து விளையாடுகிற மைதானம்.

சித்தப்பா அப்பாவுக்குப் பத்து வயது இளையவர். எங்கள் ஊர் டீமில் அவர்தான் நல்ல ஆட்டக்காரர். அதனாலேயே எதிர் டீம்காரர்கள் அவர் காலைத்தான் குறி வைப்பார்கள். தம்பி காலில் எவன் உதைத்தாலும் அப்பா கோட்டைத் தாண்டி உள்ளே போய்விடுவார். போனால் கைதான் பேசும். முந்தின வருஷம் அப்படிப் போய்த் தலையில் ஏழு தையலோடு வந்தார். ஒருநாள் முழுக்கப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்று லாரி முதலாளியும் சொல்லிவிட்டார். அதிலிருந்து ஃபுட்பால் என்ற சொல் காதில் விழுந்தாலே அம்மா கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்.

அந்தப் பொங்கலுக்கு ஆலத்தியூரில் போட்டி. சித்தப்பா டீம் கடைசி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது. அப்பா காலையிலேயே குளித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"போறதுன்னா பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க" என்றார் அம்மா.

"அஞ்சு வயசுப் புள்ளைக்கு அங்க என்னடி வேல?"

"முப்பத்தஞ்சு வயசு ஆம்பளைக்கு அங்க என்ன வேலயோ, அதே வேலதான்."

பிள்ளை கூட இருந்தால் மனுஷன் கோட்டைத் தாண்ட மாட்டார் என்பது அம்மாவின் கணக்கு. கன்றுக்குட்டியை இந்தப் பக்கம் கட்டினால் மாடு எங்கே போய்விடும்? ஆட்டம் பார்க்க என்னை அனுப்பவில்லை, ஆளைக் கட்டிப்போட அனுப்பினார். அதுவும் போதாதென்று தோன்றியிருக்க வேண்டும். வண்டியைக் கிளப்பப் போன அப்பாவைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இவ தலையில கை வச்சுச் சொல்லுங்க. யாரு என்ன பண்ணாலும் கை ஓங்க மாட்டேன்னு."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு என் தலையில் கையை வைத்து, அம்மா சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். பிள்ளை தலையில் வைத்த சத்தியத்தை மீறினால் அது பிள்ளை உயிரில் போய் முடியும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குத்தான் தெரியாது. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். மேட்ச்சுக்குக் கூட்டிப் போகாமல் விட்டுவிடப் போகிறார்களே என்ற பதற்றத்தில், "எனக்குக் காச்சலெல்லாம் இல்லப்பா" என்றேன்.

மொபெட்டின் முன்னால் நின்றுகொண்டே போனேன். ஆலத்தியூர் நெருங்க நெருங்க ரோட்டோர மரமெல்லாம் சிமெண்ட் ஆலைத் தூசியில் மாவு பூசினாற்போல் வெளுத்திருந்தது. மைதானமும் அப்படித்தான். ஓடுகிறவர்களின் கால் தரையில் படும்போதெல்லாம் வெள்ளைப் புழுதி கிளம்பியது. எல்லை என்று சுண்ணாம்பில் ஒரு கோடு. கோட்டை ஒட்டி ஆட்கள் நாலு வரிசையாக நின்றார்கள். எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. அப்பா என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்து, இரண்டு காலையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

மேலேயிருந்து பார்த்தால் அதிர்ச்சிக்கு மேல் அதிர்ச்சி. வீட்டில் வேட்டி நுனிகூட விலகாமல் உட்காருகிற சித்தப்பா அரைக்கால் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் மார்கழி முழுக்கப் பஜனை பாடுகிற பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றார். சித்தப்பா காலிலிருந்து பந்தை ஒருவன் தட்டிக்கொண்டு போனதும் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை இந்த வயதிலும் என்னால் எழுத முடியாது. திருநீறு அப்படியே இருந்தது, வார்த்தை மட்டும் வேறு.

அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் நின்றார். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "என்னண்ணே, இன்னிக்கு ஸ்கூல் வாத்தியாராட்டம் நிக்கிறீங்க?" என்று கேட்டார். அதற்கும் அப்பா சும்மா சிரித்தார்.

இரண்டாம் பாதியில் சித்தப்பா பந்தோடு கோல் பக்கம் போனார். எதிர் டீமில் ஒருவன் பின்னாலிருந்து அவர் காலை வாரினான். எதிர் டீம் எந்த ஊர் என்று எழுத மாட்டேன், என் நாத்தனாரை இப்போது அந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறது. சித்தப்பா குப்புற விழுந்தார். எழுந்ததும் அவனைப் பிடித்துத் தள்ளினார். அவன் ஆட்கள் நாலைந்து பேர் ஓடிவந்து சித்தப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். நடுவர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார், யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை. கோட்டோரம் நின்ற கூட்டம் மொத்தமும் உள்ளே இறங்கியது.

"அண்ணே!" என்று சித்தப்பா கத்தியது கேட்டது.

அப்பா இறங்கினார். என்னைக் கீழே விடவில்லை, அந்தக் கூட்டத்தில் எங்கே விடுவது? தோளில் என்னைச் சுமந்தபடியே உள்ளே போனார். எங்கள் ஊர்க்காரர்கள், "வந்துட்டாரு, வழி வுடுங்கடா" என்று விலகினார்கள். அவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு மேலேயிருந்து நன்றாகத் தெரிந்தது.

எதிரே ஒருவன் வந்து நின்றான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"தம்பி, தோள்ள புள்ள இருக்குப்பா. வழி வுடு, எந்தம்பியத் தூக்கிட்டுப் போயிடுறேன்" என்றார் அப்பா.

"புள்ளையத் தூக்கிக்கிட்டா சண்டைக்கு வருவாங்க?" என்று சொல்லிக்கொண்டே அறைந்தான்.

அப்பாவின் கன்னம் என் தொடையில்தான் சாய்ந்திருந்தது. அந்த அறை அவர் கன்னத்தைத் தாண்டி என் தொடையில் வந்து இறங்கியது. அப்பாவை அடிக்க முடியும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. மழையை அடிக்க முடியுமா? அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டாவது அறை விழுந்தது. நான் அவர் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு கத்தினேன்.

"அடிப்பா! திருப்பி அடிப்பா! அவன அடிப்பா!"

எந்தத் தலைமேல் கை வைத்துவிட்டு வந்தாரோ, அந்தத் தலை அவர் காதுக்கு மேலே நின்று அப்படிக் கத்தியது.

அப்பா என் கால்களை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கூட்டத்துக்கு நடுவே, கீழே கிடந்தபடி சித்தப்பா அண்ணனைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். பிறகு திரும்பி, கோட்டைத் தாண்டி வெளியே நடந்துவிட்டார். முதுகில் யாரோ செருப்பை எறிந்தார்கள். எங்களுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பெரியவர்கள் விலக்கிவிடுவதற்குள் சித்தப்பாவின் முன்பல் ஒன்று போய்விட்டது என்று அப்புறம் தெரிந்தது. ஆட்டத்தையும் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில் அம்மா அப்பாவின் கன்னத்தைப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. "நீங்க கை ஓங்கலியே?" என்றார்.

"இல்ல."

"நெசமா?"

"இல்லன்னு சொல்றேன்ல."

அதற்குப் பிறகும் நம்பாமல் என்னை இழுத்து மடியில் போட்டுத் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கு அம்மாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அடி வாங்கியது அப்பா, தடவுவது என்னையா? அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அடிக்காம வரணும்னுதான் நெனச்சேன், அடி வாங்கிட்டு வருவீங்கன்னு நெனக்கலியே" என்று அழுதார். அம்மா போட்ட திட்டம் இம்மி பிசகாமல் நடந்திருந்தது. அதற்கு எதற்கு அழுகை என்றும் எனக்குப் புரியவில்லை.

என் வீட்டுக்காரர் எந்த வயதில் என்று கேட்டாரே, அதற்கு இப்போது பதில் வருகிறது. பையன் அங்கே என்ன பார்ப்பான் என்பதில்லை என் பயம். பார்த்துவிட்டு வந்து என்ன சொல்வான் என்பதுதான். ஒன்றைக் கண்ணால் பார்த்த பிறகும் "எனக்குத் தெரியல" என்று சொல்ல ஒரு வயது வர வேண்டும். ஐந்தில் அது வராது. ஐந்தில் எல்லாமே தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன்.

அந்த ஆட்டம் முடிந்த நாலாம் நாள் சாயங்காலம் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். உதடு வீங்கித் தொங்கியது. கையில் எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கொல்லையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா, சத்தம் கேட்டுப் பின்வாசல் நிலையில் வந்து நின்றார். சித்தப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அண்ணி, ஊருல ஆளுக்கொண்ணு பேசுறானுவோ. பயந்து ஓடிட்டாருங்கிறானுவோ. நான் நம்பல. எங்கண்ணன் என்னயப் போட்டுட்டுப் போற ஆளு கெடையாது. ஏதோ காரணம் இருக்கணும். அவரு வாயத் தொறக்க மாட்டாரு, நீங்களாவது சொல்லுங்க."

அம்மா வாயைத் திறந்தார். நிலையில் நின்ற அப்பா வேண்டாம் என்று தலையை அசைத்தார். பெற்ற பிள்ளையின் தலையைப் பணயம் வைத்துச் சத்தியம் வாங்கினாள் என்று தெரிந்தால், சொந்தபந்தம் அத்தனையும் அம்மாவைக் கிழித்துவிடும். பல் போனதற்கும் அவள்தான் காரணம் என்று ஆகிவிடும். அம்மா வாயை மூடிக்கொண்டார். அப்பா தலையை அசைத்ததை நானும் பார்த்தேன். ஈ ஓட்டுகிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

சித்தப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா, நீதானே மேல ஒக்காந்திருந்த. நீ சொல்லு, பொய் சொல்லக் கூடாது. அப்பா ஏன் திருப்பி அடிக்கல?"

பெரியவர்கள் மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். அவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த மைதானத்தில் அத்தனை பேர் இருந்தும் அது தெரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான்.

"அப்பாவுக்கு பயம் சித்தப்பா" என்றேன். "தோளு ரெண்டும் கடகடன்னு ஆடிச்சு. என்னால ஒக்காரவே முடியல."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆடியது. நடுக்கம் என்றால் எனக்கு அப்போது ஒரே அர்த்தம்தான் தெரியும்.

சித்தப்பா என்னை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார். தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவர் அப்பாவோடு பேசவில்லை. அப்பா எந்த மைதானத்துப் பக்கமும் போகவில்லை. அம்மா தரையில் இருந்த சொம்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்பா திரும்பிக் கொல்லைக்குப் போய், துடைத்த வண்டியையே மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கடித்தேன். கேட்டதற்கு உண்மையைச் சொன்ன பிள்ளையை ஒருத்தராவது ஒரு வார்த்தை மெச்ச வேண்டாமா என்று, அன்றைக்கு எனக்கு அது ஒன்றுதான் குறை.