ஜும்ஆ நேரத்தில் வந்தவள்

பேய், ஜின் என்று யாராவது வாயைத் திறந்தால் முதலில் சிரிப்பவள் நான். சாய்ந்தமருதில் அபாயா தைக்கும் கடை வைத்திருக்கிறேன். தைக்க வரும் பெண்கள் சொல்லி எத்தனையோ பேய்க் கதை கேட்டிருக்கிறேன். ஒன்றையும் நம்பியதில்லை. ஆனால் இது எனக்கே நடந்தது. நடுராத்திரியில் இல்லை. மையித்து அடக்கும் மையவாடியிலும் இல்லை. பட்டப்பகலில், ஆஸ்பத்திரி வார்டில், பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நடந்துகொண்டிருந்த நேரத்தில். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்காதீர்கள்.

போன வருடம் என் தங்கை நஸ்லியாவுக்குக் குடலில் ஓட்டை விழுந்து, அவசரமாக ஒப்பரேஷன் செய்தார்கள். வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது. சாப்பாடு, மருந்து எல்லாம் கழுத்து நரம்பில் போட்டு, தோலோடு நூலால் தைத்திருந்த மெல்லிய குழாய் வழியாகத்தான். ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. காய்ச்சல்தான் விடவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் போதும், கட்டிலே ஆடும் அளவுக்கு அவளுக்கு நடுக்கம் வந்துவிடும். மருந்தை மாற்றி மாற்றிப் போட்டார்கள். இரத்தம் எடுத்து அனுப்பினார்கள்.

"என்ன கிருமி எண்டு வளந்து வந்தாத்தான் தெரியும். நாளெடுக்கும்" என்றார் டொக்டர்.

அவளுடைய மகள் அப்னாவுக்கு நான்கு வயது. போனில் தினமும் ஒரே கேள்வி. "பெரியும்மா, உம்மா எப்ப வருவா?" வாய்க்கு வந்த பொய்யைச் சொல்வேன். பிறகு பாத்ரூமுக்குள் போய் அழுவேன்.

அந்தக் குழாயைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தேன். தங்கையின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

மற்ற நாட்களில் பன்னிரண்டு மணிக்கு வார்டு சந்தை மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை அப்படியில்லை. ஆண்கள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். பெண்கள் வீட்டில் தொழுது, சோறு கட்டிக்கொண்டு அதற்குப் பிறகுதான் வருவார்கள். அன்றைக்கும் வார்டு அடங்கிப் போயிருந்தது. தூரத்துப் பள்ளியில் பயான் பிரசங்கம் கேட்டது. தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று சுற்றியது.

அப்போதுதான் அவளைக் கண்டேன். நஸ்லியாவின் கால்மாட்டில் நின்றாள். வெள்ளை முக்காடு. வெறுங்கால்.

ஸலாம் சொன்னேன். பதில் இல்லை. எங்கள் ஊரில் கோபித்துக்கொண்டு கதையாமல் இருப்பவர்கள்கூட ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் விடமாட்டார்கள்.

"ஆரப் பாக்க வந்த நீங்க, அக்கா?"

அவள் பார்வை என் தங்கையின் கழுத்திலேயே இருந்தது.

"இதக் கழட்டுங்க ராத்தா."

அவளுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூடத்தான் இருக்கும். என்னைப் போய் அக்கா மாதிரி ராத்தா என்கிறாள்!

"ஒங்களுக்கென்ன விசரா? அங்கால போங்க!" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

போய்விட்டாள். போன பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த ஃபேன் காற்றில் என் முக்காடு முகத்தில் வந்து வந்து விழுந்தது. அவளுடைய முக்காட்டின் நுனிகூட அசையவில்லை. அவள் நின்ற இடத்தில் கற்பூர வாசனை. மையித்தைக் குளிப்பாட்டும் தண்ணீரில் கலப்பார்களே, அந்த வாசனை.

ஓடிப்போய் தாதியிடம் கேட்டேன்.

"எந்தப் பொம்புள? ஒருத்தரும் வரல்லியே" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நஸ்லியா கண்ணைத் திறப்பதே குறைந்துவிட்டது. பின்னேரம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். நான் யாஸீன் ஓதிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

பள்ளியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியது.

முதலில் வாசனைதான் வந்தது. கற்பூரம்...

தலையை நிமிர்த்தினேன். இந்த முறை அவள் கால்மாட்டில் இல்லை. தலைமாட்டில் நின்றாள். அவள் விரல்கள் குழாயில் இருந்தன.

பாய்ந்து பிடித்தேன். இரண்டு கையாலும் அவள் கையை இறுக்கினேன். ஐஸ் பெட்டியில் கிடந்த மீன் மாதிரிக் குளிர்ந்தது.

முக்காடு விலகியது. அவள் கழுத்தில் ஒரு பிளாஸ்டர். அதே இடம். அதே பக்கம்.

"ராத்தா... கைய விடுங்க..."

வாய் அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

"எரியுது ராத்தா... கைய விடுங்க..."

நான் விடவில்லை.

பள்ளியில் குத்பா முடிந்து "ஆமீன்" என்றார்கள்.

டக்...

தையல்காரிக்கு அந்தச் சத்தம் தெரியும். நூல் அறுந்த சத்தம்.

குழாய் என் கையில் இருந்தது.

அவள் இல்லை.

நான் கத்திய கத்தலில் தாதி ஓடி வந்தார். தங்கையின் கழுத்தை அழுத்திப் பிடித்தார். இரத்தம் நின்றது. டொக்டர் வந்து என்னைக் கிழி கிழியென்று கிழித்தார். "காத்து உள்ள போயிருந்தா அந்த இடத்திலயே ஆள் முடிஞ்சிருக்கும்!" நான் இழுக்கவில்லை என்று அல்லாஹ்மேல் சத்தியம் செய்தேன். யார் நம்புவார்கள்? நஸ்லியாவின் கையில் சேலைன் ஏற்றினார்கள். குழாயின் நுனியை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

பின்னேரம் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டொக்டரின் குரல் மாறியிருந்தது.

"ரத்தத்தில பூஞ்சணம். பழைய பாண் ரொட்டில பூக்குமே, அந்தச் சாதி. கிருமிக்குக் குடுத்த மருந்து அதுக்குக் கேக்காது. அந்தக் குழாயிலதான் ஒட்டி வளந்திருக்கும். எப்படியும் நாங்க கழட்டத்தான் வேணும். அதுக்காக இனி ஒருநாளும் நீங்க கை வைக்காதீங்க."

பூஞ்சணத்துக்கு வேறு மருந்து ஏற்றினார்கள். நடுக்கம் நின்றது. காய்ச்சல் விட்டது. குழாய் நுனியிலும் அதே பூஞ்சணம்தான் என்று பிறகு சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ், நஸ்லியா வீட்டுக்கு வந்தாள். அப்னா அவள் மடியை விட்டு இறங்கவேயில்லை.

வார்டை விட்டுப் புறப்படும்போது, அங்கே வேலை செய்யும் குணம் அண்ணன் பையைத் தூக்கித் தந்தார். அந்தக் கட்டிலில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் வேணாம் தங்கச்சி. வெள்ளிக்கிழமைல நான் அந்தக் கட்டிலடிக்குப் போறல்ல" என்றார். வந்த வழியே வேகமாகத் திரும்பிப் போய்விட்டார்.

நான்கு மாதம் கழித்து, மருதமுனையிலிருந்து சித்தி லைலா என்ற பெயரில் ஒரு பெண் அபாயா தைக்கக் கடைக்கு வந்தார். எனக்கு மூத்தவர். கைநீளம் அளக்க அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். கதையோடு கதையாக என் தங்கையின் ஆஸ்பத்திரிக் கதையையும் சொன்னேன். குழாயை இழுத்த கதையைச் சொல்லவில்லை. பூஞ்சணம் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது.

"என்ட தங்கச்சி பரீனாவுக்கும் அதான். அதே வார்டு. ரிப்போட் வரக்குள்ள அவள அடக்கி ரெண்டு நாள்."

"எந்தக் கட்டில்?"

"ஜன்னலோட ஒட்டின மூலைக் கட்டில்."

நஸ்லியாவின் கட்டில்.

"காய்ச்சல்ல கழுத்துக் குழாயப் புடிச்சி இழுத்துக்கிட்டே இருந்தா. அவட நல்லதுக்குத்தானே எண்டு நான்தான் ரெண்டு கையையும் இறுக்கிப் புடிச்சன். வெள்ளிக்கிழமை, குத்பா முடியிற நேரம் மௌத்தாகிட்டா..."

அவர் அழத் தொடங்கினார்.

"கடைசியா ஒண்டுதான் சொன்னா. 'எரியுது ராத்தா, கைய விடுங்க' எண்டு."

அந்த வார்த்தைகளை நான் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. என் தங்கையிடம்கூட.

அவருடைய மணிக்கட்டு இன்னும் என் பிடியில் இருந்தது. மெதுவாகக் கையை எடுத்தேன்.