ஏழாம் நம்பர் பிரேமும் வெடித்த நட்சத்திரமும்

பாளையம்பட்டிப் பக்கத்து நூல் மில்லில் பால்ச்சாமிக்கு இருபது வருசமாக எண்ணெய் போடுற வேலை. படிப்பு மூணாங்கிளாஸ். ஆனால் சத்தத்தை வைத்தே எந்த மெசினுக்குச் சீக்கு என்று சொல்லிவிடுவார்.

தொண்ணூத்தொன்பதில் ஒரு சனிக்கிழமை, நூல் நூற்கிற ஏழாம் நம்பர் பிரேமில் டமார் என்று ஒரு வெடி. பொறி, புகை. அங்கே அறுந்த நூலை முடிச்சுப் போடுகிறவள் அவர் மகள் அனுசியா. நல்லவேளை, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகவில்லை. மேஸ்திரி வீரணன் சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, "திருஷ்டி கழிஞ்சிருச்சு, ஓட்டு" என்றார். பால்ச்சாமியும் எண்ணெய் விட்டதோடு சரி. சுத்து ஒரு மட்டு குறைந்தது காதுக்குத் தெரிந்துதான் இருந்தது. மிரண்ட மாடு ரெண்டு நாளில் தெளியாதா என்று விட்டுவிட்டார்.

புதன்கிழமை பால்ச்சாமிக்கு மதிய ஷிப்ட்டு, அனுசியாவுக்குக் காலை ஷிப்ட்டு. காலையில் டீக்கடையில் கூட்டாளி லாரன்ஸ் பேப்பரை உரக்க வாசித்தார்.

"ஏலே, இதக் கேளு. போன வருசம் ஒரு நட்சத்திரம் வெடிச்சுச்சாம்ல. அகலம் இங்கயிருந்து காரியாபட்டி வரைக்குந்தானாம், இருவது கிலோமீட்டர். அஞ்சு செகண்டுக்கு ஒரு சுத்து."

"சுத்தட்டும். ஒனக்கு ஏன் தலை சுத்துது?"

"முழுசாக் கேளுய்யா. வெடிச்சதுக்கப்புறம் சுத்து மந்தமாம். பத்தாயிரத்துல ஒரு பங்கு கொறஞ்சுச்சாம். இந்த வகை நட்சத்திரம் ஒரு வெடியோட அடங்காதாம், திரும்பத் திரும்ப வெடிக்குமாம்."

பால்ச்சாமி கிளாசைப் பெஞ்சில் வைத்தார். அங்கே பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கே இந்தப் பாடு. இங்கே ஏழாம் நம்பர் மந்தமானது காதுக்கே கேட்குதே! அனுசியா இந்நேரம் அதன் முன்னால்தானே நிற்கிறாள்?

சைக்கிளை மிதித்தார். மில் கேட்டில் சைக்கிளைப் போட்டுவிட்டு, அத்தனை இரைச்சலுக்கு நடுவே ஏழாம் நம்பரை மட்டும் காதால் தேடிக்கொண்டே ஓடினார். இன்னும் மந்தமாகியிருந்தது.

"ஏம்ப்பா, பேயறைஞ்ச மாதிரி வாரீக?"

கேட்ட மகளைப் பிடித்து இழுத்துவிட்டு சுவிட்சை அமுக்கினார்.

"யாரைக் கேட்டு நிறுத்துன?" வீரணன் கத்திக்கொண்டு வந்தார்.

மோட்டார் மூடியில் கை வைத்த பால்ச்சாமிக்கு உள்ளங்கை பொசுங்கியது. திறந்தால், பேரிங்கு நொறுங்கிக் கிடந்தது. அடைந்திருந்த பஞ்சு ஓரத்தில் செக்கச்செவேலென்று கனிந்துகொண்டிருந்தது. பத்திக்கொள்ள இன்னொரு அரைமணி நேரம் போதும்.

வீரணன் ரெண்டடி பின்வாங்கினார். "ஒரு பழம் வாங்கியாரச் சொல்லவா?"

"பழத்த ஊறுகா போடு. பேரிங்கு மாத்தி, நான் காது வச்சுக் கேக்காம எம்மவ இதுகிட்ட வரமாட்டா."

பேச்சு என்னவோ வீறாப்பாகத்தான் வந்தது. மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்த கைதான் இறுகிக்கொண்டே போனது.

"விடுங்கப்பா, வலிக்குது" என்றாள் அனுசியா.

அவர் விடவில்லை.