சோப்புக்குப் போன சீர்ச் சட்டி

என் கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்து வைத்த பாத்திரங்களில் ஒன்று குறைவதற்கு நானேதான் காரணம்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அப்பாவின் தங்கை, என் அத்தை, புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்திருந்தாள். லீவுக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குச் சொன்னார்கள். லீவு இரண்டு மாதமாக நீண்டதில் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். அம்மாவுக்கு அப்படியில்லை. "இன்னும் எத்தன நாளைக்காம்?" என்று அவள் அப்பாவிடம் கேட்டது பக்கத்து அறையில் இருந்த அத்தைக்கும் கேட்டிருக்கும். அன்றிலிருந்து அத்தை எதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை, இன்னொரு தோசையைக்கூட.

அவள் தேனியில் ஒருநாள் வகுப்புக்குப் போய் சோப்புச் செய்யக் கற்று வந்தாள். அடுப்பு வேண்டாம், மெஷின் வேண்டாம், வீட்டில் இருப்பதை வைத்தே ஆரம்பிக்கலாம் என்று சொன்னார்களாம். அச்சுக்குக் காலி ஐஸ்கிரீம் டப்பா. தேங்காய் எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் அப்பா ஏலக்காய் நிறுக்கும் தராசில் கிராம் பிசகாமல் நிறுத்து வைத்தாள். கொல்லையில் காற்றோட்டமாக இடம் பார்த்து, ரப்பர் கையுறையும் பட்டறைக்காரர்கள் போடும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, என்னைப் பத்தடி தள்ளி நிறுத்தினாள். பாத்திரம் மட்டும்தான் இல்லை. அந்தச் சோடா அலுமினியத்தை அரித்துவிடும், எவர்சில்வர்தான் ஆகும். அதுவும் ஒருமுறை சோடா பட்ட பாத்திரம் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது.

"மதினிகிட்ட எப்படிக் கேக்குறது?" என்று வெயிலிலேயே நின்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே ஓடிப் பரணில் ஏறி, அம்மாவின் பாத்திர மூட்டையிலிருந்து ஒரு எவர்சில்வர் சட்டியை உருவிக்கொண்டு வந்தேன். ஸ்டிக்கர்கூட உரிக்காத புதுச் சட்டி.

"இது எங்கன இருந்துச்சு ஆத்தா?"

"அம்மாதான் குடுக்கச் சொல்லுச்சு."

"மதினியா? புதுசையா குடுத்தாக?"

ஒரு பொய்க்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வந்த நாளிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு ஒன்று அத்தையின் முகத்தில் வந்தது. ஸ்டிக்கரை மெதுவாக உரித்தாள். சட்டியில் தண்ணீரை ஊற்றி, சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள்.

"தண்ணியிலதான் இதப் போடணும். மாத்தி இதுல தண்ணிய ஊத்துனா பொங்கி மூஞ்சியில அடிச்சிரும்" என்று அவள் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, ரேஷன் கடைக்குப் போயிருந்த அம்மா பையோடு வந்து நின்றாள்.

"ஆத்தாடி! இது எம்மக சீருக்கு வச்ச சட்டில்ல! யாரக் கேட்டு எடுத்த?"

அத்தைக்கு முகம் செத்துவிட்டது. "நீங்க குடுத்ததா பிள்ள சொல்லுச்சு மதினி. நானும் நம்பிட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். இன்றைக்கு முதுகு பழுத்துவிடும் என்று தெரிந்தது. பிறகு அத்தையைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆமா, நாந்தான் குடுக்கச் சொன்னேன். மறந்துபோச்சு" என்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு, "சோப்பு எப்ப ஆகும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாள்ல வெட்டிரலாம் மதினி. அப்புறம் நாலு வாரம், ஆறு வாரம் காயணும்."

"காயட்டும். என்ன அவசரம்? இங்கனதான இருக்கப்போற."

கையுறையோடு கண்ணைத் துடைக்கக் கூடாது என்பதால் அத்தை கண்ணீரை அப்படியே வழிய விட்டாள். சோடா நெடி என்று நினைத்தேன். அம்மாவின் நிலைமைதான் எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. சாயங்காலம் அப்பாவை வாசலிலேயே மறித்து, அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது, உடனே தேனிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொன்னேன்.