துண்டு துண்டாக வேலைக்குப் போன ஜீப்

பழைய ஜீப் வாங்கித் திருத்துகிறவர்களைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடலாம்: நகத்துக்குள் கிரீஸ் இருக்கும், வீட்டில் பேச்சுவார்த்தை இருக்காது. இதை வாசிக்கிறவர்களில் அந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நமக்குத்தான் அது பழகிவிட்டதே.

நான் விஞ்ஞான டீச்சர். வீடு அப்புத்தளையில். பதினொரு வருஷம் காத்திருந்து, கடைசியில் அதிபர் நியமனம் வந்தது. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே ஏறும் பாதையில் ஆட்டோக்காரர் பாதித் தூரம் வருவார், பிறகு திரும்பி நம் முகத்தையே பார்ப்பார். இறங்கித் தள்ளச் சொல்கிறார் என்று நாமே விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரே வருஷத்தில் மூன்று அதிபர்கள் அந்தப் பாதையில் நடந்து பார்த்துவிட்டு, முழங்காலுக்கு மெடிக்கல் எடுத்து, இடமாற்றம் வாங்கிப் போயிருந்தார்கள். முதலாம் தவணை தொடங்கும் நாளில் நான் போய்ப் பொறுப்பேற்காவிட்டால் பதவி அடுத்த ஆளுக்கு. கையில் இருந்தது நாலு மாதம். என்னுடைய முழங்கால் மட்டும் என்ன இரும்பா? அதனால்தான் ஜீப்.

பூசணிக்கொடிக்குள்

தரகர் என்னையும் என் கணவரையும் அதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் ஒரு பூசணிக்கொடியைக் காட்டினார். "அபூர்வமான வண்டி மேடம். இந்த மாதிரி இன்னொண்ணு நாடு பூரா தேடினாலும் கிடைக்காது" என்றார். கொடியை விலக்கிப் பார்த்தேன். இதுவே பாதிதான் கிடைத்தது. எஞ்ஜின் இருந்தது, நாலு சக்கரமும் இருந்தன, முன் விளக்குகள் கம்பி வலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்தப் பழைய முகம் இருந்தது. முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும், மறைக்க வேண்டாம். சரி என்று தலையாட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் பார்க்கிறேன், டிரைவர் சீட் இல்லை, ஹோர்ன் இல்லை, பொனட் இல்லை, ஒரு பக்கக் கதவும் இல்லை.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் கிளார்க். எதையும் இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, "இஞ்சாரும், நீர் வாங்கினது ஜீப்போ, இல்லாட்டி ஜீப் நிண்ட இடமோ?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற தோட்டத்து வாச்சரிடம், மற்றச் சாமான்களையெல்லாம் யார் திருடிக்கொண்டு போனார்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாரும் திருடல டீச்சர். எல்லாம் இங்கனதான் ஆளுக்கு ஒரு பக்கமா வேல செய்யுது."

நானாவும் சேரும்

இருந்த பாதியை மரக்கறி லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோய், ரவூப் நானாவின் கராஜில் இறக்கினோம். நானா கெட்டிக்காரர். ஆனால் ஜீப்பைப் பற்றிப் பேசும்போது என் கணவரின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். "சேர், கிளட்ச் பிளேட் தேஞ்சிருக்கு" என்பார். "புதுசு போடுவோம் நானா" என்று நான் சொல்வேன். "அப்ப புதுசு போடுவோமா சேர்?" என்று அவரிடமே திரும்பக் கேட்பார். கணவர் தலையை ஆட்டுவார். அவருக்குக் கிளட்ச் என்றால் கல்யாண வீட்டுக்குப் பெண்கள் கையில் கொண்டுபோகும் சின்னப் பை.

இப்படியே மூன்று சனிக்கிழமை போனது. நாலாவது சனிக்கிழமை நானா எஞ்ஜினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, சாக்கில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாக என் கணவருக்கு விளக்கினார். அரை மணி நேரம். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தானும் ஏதாவது கேட்காவிட்டால் மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, "எல்லாம் சரி நானா, இதுக்குப் பெற்றோல் எந்தப் பக்கத்தால விடுறது?" என்றார். நானா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், அடுத்த கெழம சேரை ஊட்டுல உட்டுட்டு வாங்க."

பெரகல சந்தியில் ஒரு சீட்

டிரைவர் சீட் பெரகல சந்தியில் செல்வத்தின் சலூனில் இருந்தது. மரக்கட்டை ஒன்றின்மேல் ஏற்றி ஆணி அடித்து, துண்டு விரித்திருந்தார். முடி வெட்ட வருகிறவர்களைவிட அதில் சும்மா உட்கார வருகிறவர்கள்தான் அதிகம். நான் போன நேரம் ஒருவர் தலை நிறையத் தண்ணீரோடு அதில் தூங்கிக்கொண்டிருந்தார். சீட்டைக் கேட்டேன். "தலைய வேணும்னா கேளுங்க டீச்சர், சீட்ட மட்டும் கேக்காதீங்க" என்றார் செல்வம். யாருடைய தலை என்று சொல்லவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் வீட்டில் என் கணவர் பேப்பர் வாசிக்கும் சுத்துற கதிரை ஒன்று இருந்தது. அவர் பதுளைக்கு ரயில் ஏறிய பிறகு அதைத் தூக்கி ஆட்டோவில் வைத்து, சலூனில் கொடுத்து, சீட்டை வாங்கி வந்தேன். பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அன்று பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்து, பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, கதிரை இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஜன்னல் கட்டில் உட்கார்ந்து வாசித்தார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. செல்வத்துக்கோ பரம சந்தோஷம். ஒரு வாடிக்கையாளரை உட்கார வைத்து நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அந்த ஆளுக்குத் தலை சுற்றி, பாதி மீசையோடு இறங்கிப் போய்விட்டார்.

"சீட்டு தானா சுத்துது டீச்சர். இருவது வருஷமா நான்தான் சுத்திக்கிட்டுக் கெடந்தேன்."

ஹோர்ன்

ஹோர்ன் பெரட்டுக் களத்தில் இருந்தது. காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் அது. கம்பத்தில் ஹோர்னைக் கட்டி, கீழே ஒரு பழைய பெட்டரியையும் வைத்திருந்தார்கள். முருகையா கங்காணி விடியற்காலையில் அதை அமுக்கினால் மூன்று மலைக்குக் கேட்கும். நாய்கள் எல்லாம் அதற்குப் பதில் சொல்லும். "இது தோட்டத்தோட கடிகாரம் டீச்சர். இத எடுத்துட்டா வேல நின்னுரும்" என்றார் கங்காணி, ஹோர்னைக் கையால் மூடிக்கொண்டு.

கொழுந்துக் கூடையோடு வரிசையில் நின்ற பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அவர்களில் லெட்சுமி என்பவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து, கங்காணியின் கையை மெதுவாக விலக்கினார். தானே கம்பத்தில் ஏறிக் கம்பியை அவிழ்த்தார். துடைத்துக்கூட விட்டார்.

"கொண்டுபோங்க டீச்சர். ஒரு நாளாவது கண்ண மூடித் தூங்குறோம்."

பொனட்

அந்தத் தைரியத்தில் பொனட் எங்கே என்று லெட்சுமியிடமே கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. அவர் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால், நாலு கல்லின்மேல், கரி பிடித்துக் கிடந்தது. கல்யாண வீடுகளுக்கு ஒரே தடவையில் பன்னிரண்டு ரொட்டி சுடுகிற கல் அதுதான். "ஹோர்ன் அடுத்தவங்க சாமான், குடுத்துரலாம். இது என்னோடது டீச்சர்" என்றார். அவரைத் தாஜா பண்ணுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இன்றைக்கும் எஞ்ஜின் சூடானால் ஜீப்புக்குள் தேங்காய் ரொட்டி வாசம் வரும், பின்னால் வருகிறவர்களுக்குப் பசிக்கும். கடைசியில் ஒரு நிபந்தனையோடு தந்தார்.

"கல்யாணம்னா ஆள் அனுப்புவேன். பொனட்ட கழட்டிக் குடுத்துட்டு நீங்களும் சாப்பிட வாங்க."

கதவு

கதவைத் தேடித்தான் அதிகம் அலைந்தேன். கடைசியில் அது மேல் லயத்துக் கக்கூஸுக்குக் கதவாக இருந்தது. ஜீப் கதவென்றால் தெரியும்தானே, மேலே பாதிக்குத் தள்ளித் திறக்கும் கண்ணாடி. நான் ஸ்பானரை மாட்டி முதல் போல்ட்டைத் திருகியதும் கண்ணாடி விலகியது. உள்ளே மரியாதையான ஒரு முகம். "டீச்சர், கழட்டுறது உங்க விருப்பம். நான் வெளிய வந்த பெறகு கழட்டினா நல்லது" என்றது. கண்ணாடி மூடிக்கொண்டது. நான் முப்பதடி தள்ளிப் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்தான் பழனியாண்டி, தோட்டத்து டிரக்டர் டிரைவர், பள்ளிக்கூடப் பெற்றோர் கமிட்டியின் தலைவர். எங்கள் அறிமுகம் அப்படி அமைந்துவிட்டது, என்ன செய்வது. வெளியே வந்து கை கழுவிவிட்டு, மற்ற போல்ட்டுகளை அவரே கழற்றித் தந்தார். கடைசி அதிபர் ஒன்பது நாள்தான் இருந்தாராம். அதற்கு முந்தியவர் மேலே வந்து சேரவே இல்லையாம். அங்கே அஞ்சாம் வகுப்பில் பழனியாண்டியின் மகளும் படிக்கிறாள். நான் பென்ஷன் எடுக்கும்வரை இங்கேதான் இருப்பேன் என்று பெரிதாகச் சொன்னேன். அவர் கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

"எல்லாரும் வரும்போது அப்படித்தான் சொல்றாங்க டீச்சர்."

முதல் ஓட்டம்

தவணை தொடங்க நாலு நாள் இருக்கும்போது ஜீப் முழுசாகிவிட்டது. பதுளையிலிருந்து அப்புத்தளைக்கு நானே ஓட்டி வந்தேன். பேச்சுவார்த்தை தொடங்கியிருந்ததால் கணவரும் பக்கத்தில் இருந்தார். பண்டாரவளை வரைக்கும் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தவர், ஏற்றம் தொடங்கியதும் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டார். ஒரு வளைவில் எஞ்ஜின் ஒரு தரம் இருமிவிட்டு நின்றது. இறங்கிப் பின்னால் போய்த் தள்ளினார். வேட்டிதான் கட்டியிருந்தார், மழையும் தூறியது. கதிரையை எடுத்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

அப்போதுதான் அப்புத்தளை பஸ் ஒன்று வந்து பக்கத்தில் மெதுவானது. கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் என் கணவரையும் பார்த்தார். அவர் சொன்னதைக் கேட்டு என் கணவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். நான் சரிவில் பின்னால் உருட்டி ஸ்டார்ட் எடுத்து வீட்டுக்கு வந்தபோது, குளித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கொண்டக்டர் சொன்னது இவ்வளவுதான்.

"அண்ணே, அத விட்டுட்டு வாங்க, பஸ்ஸுல சீட் இருக்கு."

தவணையின் முதல் நாள்

முதல் நாள் விடிந்தும் விடியாமலும் கிளம்பினேன். அப்புத்தளையிலிருந்து பெரகலவுக்கு இறங்கி, ஹல்துமுல்லை தாண்டி, தோட்டப் பாதையில் திருப்பினேன். ஆட்டோ நிற்கிற இடத்தில் ஜீப் நிற்கவில்லை. மூன்று அதிபர்களின் முழங்கால் போன இடத்திலும் நிற்கவில்லை. லயங்களிலிருந்து ஆட்கள் வெளியே வந்து அவரவர் கொடுத்த சாமானைச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பள்ளிக்கூடத்து முற்றத்தில் நிறுத்தினேன். வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். பதினொரு வருஷம் காத்திருந்த கையெழுத்து அது.

இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று வந்து சாவியைத் திருப்பினேன். எஞ்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பொனட்டைத் திறந்தேன். ரோட்டரைக் காணோம். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் சின்னத் துண்டு அது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், அது இல்லாமல் எந்தப் பழைய பெற்றோல் எஞ்ஜினும் உயிர் பெறாது. அது தானாகக் கழன்று விழாது. எங்கே கையை வைக்கவேண்டும் என்று தெரிந்த ஆள்தான் எடுத்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். டிரக்டர் டிரைவர் பழனியாண்டி சட்டைப் பைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார், பின்னால் கமிட்டி முழுவதும் நின்றது. "அண்ணே, ரோட்டர குடுங்க" என்றேன், டீச்சர் குரலில். அந்தக் குரலுக்குப் பயப்படாத ஒரே கூட்டம் பெற்றோர்கள்தான்.

"வர்றதுக்குத்தான் டீச்சர் சாமான் குடுத்தோம். போறதப் பத்தி கமிட்டி இன்னும் முடிவு எடுக்கல."

கோபம்தான் முதலில் வந்தது. பிறகு யோசித்தேன். இத்தனை வருஷம் படிப்பித்ததில், நான் போய்விடுவேன் என்று பயந்து இதுவரை யாரும் எதையும் கழற்றி வைத்துக்கொண்டதில்லை. பள்ளிக்கூட முற்றத்தில் நின்றுகொண்டே அழுதுவிட்டேன். பிள்ளைகள் பார்த்தார்கள், பார்க்கட்டும். இப்போது மூன்றாம் தவணை நடக்கிறது: காலையில் வந்ததும் ரோட்டரைக் கழற்றிப் பழனியாண்டியிடம் ஒப்படைப்பதும், இரண்டு மணிக்கு "நாளைக்கு வருவேன்" என்று கையெழுத்துப் போட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதும்தான் இந்தப் பள்ளிக்கூடத்து அதிபரின் முதல் வேலையும் கடைசி வேலையும்.