யூகோஸ்லாவியா தெரு

தேர்வாய் கண்டிகையில் எங்கள் கம்பெனி கைமாறிவிட்டது. கேட்டில் பழைய பெயரை அழிக்கிற பெயிண்ட் வாசனை. சின்ன வயதில் மேரி அக்கா எங்கள் பனியன்களில் ‘யூகோஸ்லாவியா’ என்று எழுதியபோது வந்த அதே வாசனை.

கும்மிடிப்பூண்டி சர்ச் மைதானத்தில் தெருவுக்கு ஒரு நாட்டின் பெயர் வைத்துக் கோப்பைக்கு ஃபுட்பால் ஆடுவோம். 1991-இல் எங்கள் நாடான யூகோஸ்லாவியா உடைந்தது.

“உங்க நாடே இல்ல, ஊட்டுக்குப் போங்க” என்றது பிரேசில் தெரு.

கேப்டன் மேரி அக்கா பந்தை மைதானத்தின் நடுவில் வைத்தாள். “அங்கியே பாதி டீம் பூடுச்சாம். மிச்ச பேரு கோப்பைக்கு ஆடிக்கினுதான் கீறாங்க, பேப்பர்ல போட்டுக்கீது. நாங்களும் ஆடுவோம்.”

ஆடினோம்.

இன்று, தொழிற்சங்கம் சார்பில் பேசப் போன எங்களிடம் புது மேனேஜர் கேட்கிறார்: “பழைய கம்பெனியே இல்ல, உங்க சங்கம் மட்டும் எப்படி இருக்கும்?”

“பேரத்தான் சார் அழிச்சீங்க” என்றேன். “ஆளுங்க இங்கதான் கீறோம்.”