ஏலத்துல போன தடியனுங்க

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பொம்மைன்னு சொன்னா அவங்களுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். ஆக்‌ஷன் ஃபிகர்னு சொல்லணுமாம். பழைய பொம்மைங்கள வாங்கி விக்கிறதுக்குன்னு ஃபோன்ல ஒரு குரூப்பு இருக்கு. அதுல நானும் ஒருத்தி. மத்தவனுங்க எல்லாம் நடுவயசு ஆம்பளைங்க. பல்லு வெளக்குறானுங்களோ இல்லையோ, பொம்மைக்குத் தூசி தட்டத் தனியா பிரஷ் வெச்சிருக்கானுங்க. "பெட்டி பிரிக்காத பீஸ்", "முழங்கால் மூட்டு இன்னும் டைட்டா இருக்கு"ன்னு ஆர்த்தோ டாக்டருங்க மாதிரி பேசுவானுங்க. நான் இன்னா கேட்டாலும் முதல் பதில் "பையனுக்கா மேடம்?" எனக்குப் பையனும் இல்ல, கல்யாணமும் இல்ல. எனக்குத்தான்டா, எனக்கு.

ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில குவாலிட்டி செக்கிங்ல இருக்கேன். தையல் கோணலா, பசை வெளிய தெரியுதா, ஜோடிக்கு ஜோடி கலர் ஒத்துப்போவுதான்னு பாத்து, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ரிஜெக்ட், ரிஜெக்ட்னு சொல்றதுதான் பொழப்பு. அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துடும். வீட்ல நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா ரிட்டயர்டு நர்ஸ். அப்பா போய்ச் சேந்துட்டாரு.

இந்தத் தடியனுங்கள, அதான் இந்த மொரட்டு ஒடம்பு பொம்மைங்கள, நான் திரும்பவும் சேக்க ஆரம்பிச்சதுக்குக் காரணம் அம்மாதான். பாசம்னு நெனச்சுடாதீங்க. ஹால்ல அம்மா உக்காந்து டிவி பாக்குற சோஃபாவுக்கு நேர் எதிர்ல கண்ணாடி வெச்ச ஷோகேஸ் ஒண்ணு அடிச்சேன். வந்தவன வந்தவன அதுல நிக்க வெச்சேன். தெனமும் அவங்க கண்ணுல படணும். பட்டுப் பட்டு, ஒருநாள் அவங்க வாயாலயே "நான் பண்ணது தப்புதான்டி"ன்னு சொல்லணும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்ளோ கூத்தும்.

அவங்க பண்ணத கேளுங்க. அப்பா தோல் பதனிடற ஒரு டேனரியில வேல செஞ்சாரு. மாசா மாசம் சாம்பிள் தோல எடுத்துக்கிட்டு மெட்ராஸ் பெரியமேட்டுக்குப் போவாரு. திரும்பி வர்றப்ப பைக்குள்ள, தோலுங்களுக்கு நடுவுல, சென்ட்ரல் பக்கம் பிளாட்பாரத்துல வாங்கின ஒரு தடியன் இருப்பான். ஒரிஜினல் எல்லாம் ஒண்ணும் கெடையாது, அத்தனையும் டூப்ளிகேட்டு. பச்சை உடம்புக்காரன் ஒருத்தன், தலையத் திருப்பினா தலை கையோட வந்துடும். ஒருத்தனுக்கு ரெண்டுமே இடது கை. எங்கயோ ஃபேக்டரியில எவனோ தூங்கி வழிஞ்சுக்கிட்டே மாட்டியிருக்கான். எனக்கு உசுரு அவன்மேலதான். ரெண்டு கையும் ஒரே பக்கம் போறதால அவன யாராலயும் நேரா அடிக்க முடியாதுன்னு நானே ஒரு கதை கட்டி வெச்சிருந்தேன். "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு இந்தத் தடியனுங்க?"ன்னு அம்மா மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. அப்பா சிரிப்பாரு, அவ்ளோதான்.

ப்ளஸ் ஒன்னுக்கு என்னை வேலூர்ல ஹாஸ்டல்ல விட்டாங்க. அந்த வருஷம்தான் நடந்துச்சு. எங்க சபையில வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை உண்டு. வெளைஞ்சதுல முதல் பலன ஆண்டவருக்குக் குடுக்கணும். டேனரி ஊர்ல யாருக்கு இன்னா வெளையுது? கடையில வாங்கின பூசணிக்காய், வாழத்தாரு, கேக்கு, உயிர்க்கோழின்னு எடுத்துட்டு வருவாங்க. ஆராதன முடிஞ்சதும் ஏலம். அந்த ஏலத்தப் பாக்கணுமே! ஒருத்தரு ஒரு எலுமிச்சம்பழத்த காசு கட்டி எடுப்பாரு, எடுத்துட்டு "ஆண்டவருக்கே"ன்னு திருப்பிக் குடுப்பாரு. அதையே மறுபடி ஏலம் விடுவாங்க. வேற ஒருத்தரு எடுத்துத் திருப்பிக் குடுப்பாரு. ஒவ்வொரு தடவையும் சபையே கை தட்டும். பக்தியாம். முழுக்க முழுக்க பந்தா. பரலோகத்துல இவங்களுக்கு முன்வரிசை நாற்காலி போட்டு வெச்சிருப்பாங்கன்னு நெனப்பு.

அந்த ஏலத்துக்கு என் பொம்மைப் பெட்டியத் தூக்கிட்டுப் போய்க் குடுத்துட்டாங்க எங்கம்மா. பூசணிக்காய்க்குப் பக்கத்துல வெச்சு ஏலம் விட்டாங்களாம். தோல் வியாபாரத்துல நாலு காசு பாத்த ஒரு பெரிய மனுஷன் பெட்டியோட எடுத்து, எழுந்து நின்னு, "ஒவ்வொண்ணா விடுங்க, ஆண்டவருக்கு ஜாஸ்தி கெடைக்கும்"னு திருப்பிக் குடுத்தாராம். செம கைத்தட்டலாம். இப்படித்தான் என் தடியனுங்க ஆளுக்கு ஒருத்தனா ஊரு பூரா செதறிப் போனானுங்க.

எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தவ, கோயில்ல குடில் பாக்கப் போனேன். குழந்தை இயேசு, மரியாள், ஆட்டுக்குட்டி, எல்லாம் சரியா இருக்கு. ஓரமா ஒரு மேய்ப்பன் கைத்துண்டப் போத்திக்கிட்டு நிக்கிறான். உடம்பப் பாத்தா ஆடு மேய்க்கிறவன் மாதிரி தெரியல, ஆட்ட அப்படியே முழுங்கறவன் மாதிரி இருக்கான். குனிஞ்சு துண்ட விலக்கிப் பாத்தேன். ரெண்டும் இடது கை. ஏலத்துல எடுத்தவங்க குடிலுக்கே குடுத்துட்டாங்களாம். பின்னாடி பெஞ்சுல கமிட்டிக்காரரு பேரன் பச்சைக்காரன் காலை வாயில போட்டு மென்னுக்கிட்டிருந்தான். போதகர் சமாதானத்தப் பத்திப் பிரசங்கம் பண்ணாரு. எனக்குன்னா அந்தப் பெஞ்சையே கவுத்துப் போடலாமான்னு இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்மா அரிசி களைஞ்சுக்கிட்டே, "ஆண்டவருக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கக்கூடாது"ன்னாங்க. அதுக்கு மேல ஒரு பேச்சு இல்ல. அப்பா "விடு பாப்பா, வேற வாங்கித் தர்றேன்"னாரு. அப்புறம் டேனரியில ஆளு மாத்திட்டாங்க, அவரு மெட்ராஸ் போறதும் நின்னு போச்சு. அந்தப் பேச்சு அதோட முடிஞ்சுது. எனக்கு மட்டும் முடியல.

இப்ப திரும்பச் சேக்கறதுல ஒரு பேஜார் இருக்கு. குரூப்புல இருக்கிறவனுங்க எல்லாம் ஒரிஜினலுக்கு அலையறானுங்க. எனக்கு வேண்டியது டூப்ளிகேட்டு. காட்பாடியில ஒரு பேங்க் மேனேஜரு பெரிய கலெக்‌ஷன் வெச்சிருக்காருன்னு தெரிஞ்சு போனேன். அவரு பொண்டாட்டி ஹால்ல ஃபேன்ல வெந்துக்கிட்டு உக்காந்திருக்கு, பொம்மைங்க ஏசி ரூம்ல இருக்கு. உள்ள போறதுக்கு முன்னாடி கையுறை குடுத்தாரு. "விளையாடுவீங்களா சார்?"னு கேட்டேன். மனுஷன் அப்படியே ஆடிப்போய்ட்டாரு. ரெண்டும் இடது கையா ஒரு டூப்ளிகேட் தேடறேன்னு சொன்னதும், "அந்தக் குப்பையெல்லாம் நம்மகிட்ட வராது மேடம்"னு கையுறையத் திருப்பி வாங்கிக்கிட்டாரு. காப்பி கூடக் குடுக்கல.

போடா நீயும் உன் ஏசியும்னு வந்துட்டேன். ஆற்காட்ல மூடப்போற ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் பரண்ல தேடினேன், காயலாங்கடையில கெளறினேன். குரூப்புல எவனாவது "பழைய குப்பை, சும்மா மாதிரி தர்றேன்"னு போட்டா ஓடிப்போய் வாங்கினேன். பச்சைக்காரன் கெடைச்சான், தலை கழலுற அதே வகை. ஒவ்வொருத்தனா ஷோகேஸ் நெறைஞ்சுது. டிவியில சீரியல் ஓடும், அதுக்கு மேல தடியனுங்க தெரிவானுங்க. அம்மா பாட்டுக்குப் பட்டாணி உரிச்சுக்கிட்டு இருப்பாங்க. கல்லுளிமங்கின்னு மனசுக்குள்ள திட்டுவேன்.

கடைசியா அந்த மேனேஜரே மெசேஜ் போட்டாரு. பொம்மை சேக்கற யாரோ பெரிய ஆளு சொல்லித் தெரிஞ்சுக்கிட்டாராம், கை மாத்தி மாட்டினா அது குப்பை இல்லையாம், "எரர் பீஸ்" ஆம், அபூர்வமாம். அவருகிட்ட ரெண்டு சேந்துடுச்சாம், ஒண்ண எனக்குத் தர்றேன்னாரு. அன்னிக்குக் குப்பைன்ன வாயி, இன்னிக்கு அபூர்வம்னுது. வெக்கம்னு ஒண்ணு கெடையாது இந்தக் கூட்டத்துக்கு. ஆனா வாங்கிக்கிட்டேன், இல்லன்னு சொல்லல.

சனிக்கிழமை வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தேன். டேபிள் மேல பார்சல் இருந்துச்சு, அம்மா வாங்கி வெச்சிருந்தாங்க. பிரிச்சேன். அவனேதான். ஷோகேஸ் நடுவுல நிறுத்தினேன். திரும்பி ரிமோட்ட எடுத்து டிவிய அணைச்சேன்.

"எல்லாரும் வந்துட்டாங்கம்மா. இப்பவாவது சொல்லு."

"இன்னா சொல்லணும்?"

"நீ பண்ணது தப்புன்னு."

அம்மா கண்ணாடியக் கழட்டி மடியில வெச்சாங்க. பேசினப்ப குரல்ல கோவம்கூட இல்ல.

"மாசா மாசம் மெட்ராஸ் போனாரு உங்கப்பா. வந்ததும் அந்தப் பைய நான்தான் தொறப்பேன். தோலு இருக்கும், உனக்கு ஒரு தடியன் இருப்பான். பையோட அடியிலயும் கைய விட்டுப் பாப்பேன். எனக்குன்னு ஒரு சீப்பு, ஒரு ரிப்பன், ஒரு ஹேர்பின் இருந்ததில்லடி. ஒரு தடவகூட. நான் கேக்கல. கேட்டு வாங்கினா அது இன்னா பொருளு? அந்த வருஷம் கோயிலுக்கு இன்னா குடுக்கறதுன்னு பாத்தப்ப உன் பெட்டி கண்ணுல பட்டுது. அப்படியே தூக்கிட்டுப் போய்ட்டேன். ஆண்டவருக்குன்னு சொன்னது பொய். அவருகிட்ட அதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டேன். உன்கிட்டத்தான் கேக்க வாய் வரல." கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு, "தப்புதான். போதுமா?"ன்னாங்க.

இத்தனை வருஷமா நான் கேக்கணும்னு இருந்த வார்த்தை. சந்தோஷமே வரல. அம்மா கைய புடிச்சுக்கணும்னு தோணுச்சு, ஆனா எங்க வீட்ல அந்தப் பழக்கம் இல்ல. நின்ன எடத்துலயே நின்னேன்.

அம்மா எழுந்து பார்சல் அட்டைய மடக்க ஆரம்பிச்சாங்க. மேல ஒட்டியிருந்த விலாசத்தக் கை வெச்சுத் தடவினாங்க.

"இந்தக் கொரியர்காரன் வர்றப்பல்லாம் உன் பேருதான் இருக்கும்னு எனக்குத் தெரியும்டி. இருந்தாலும் கண்ணாடியப் போட்டு ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்து போடறேன்."