ஜக்கில் மிஞ்சிய தண்ணீர்

என் வீட்டு அலுமாரியின் மேல் ஒரு கண்ணாடி ஜக்கு இருக்கிறது. வாய் ஓரத்தில் நகம் அளவுக்கு உடைந்தது. அதில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. மனைவி இரண்டு தடவை குப்பையில் போடப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போன மாதம் மகள் வந்து போன பிறகு அந்த ஜக்கைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஜக்கைப் பற்றி என்றால் அக்காவைப் பற்றித்தான்.

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில், முன்பு துரை இருந்த பங்களாவை விருந்தினர் தங்குகிற இடமாக மாற்றியிருந்தார்கள். அங்கே நான் பதினேழு வருஷம் சமையல்காரன். அக்கா பாத்திரம் கழுவினார். கூடப் பிறந்த அக்கா இல்லை. என்னைவிட எட்டு, ஒன்பது வயது மூத்தவர். கொழுந்து பறித்து முதுகு போன பிறகு பங்களாவுக்கு வந்தவர். குள்ளம். கழுத்தில் மாதா படம் போட்ட கறுப்புக் கயிறு. நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவரே பேசிவிடுவார். காலையில் நான் அடுப்பு மூட்டும்போது வருவார். வந்ததும், "என்னா தம்பி, இன்னைக்காவது வாயத் தொறப்பியா, இல்ல அடுப்புக்கிட்டயே பேசிக்கவா?" என்பார். நான் தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் தள்ளுவேன். அதுதான் என் பதில்.

அந்தப் பங்களாவில் விருந்தினர் அதிகம் கேட்டது கீஷ். மாவைக் கிண்ணம் மாதிரி தட்டில் பரப்பி, உள்ளே பொரித்த பேக்கன் என்கிற உப்புப் பன்றி இறைச்சியும் துருவிய சீஸும் போட்டு, முட்டையும் பாலும் கிரீமும் அடித்து ஊற்றிச் சுடுவது. வெள்ளைக்காரர்களும் கேட்டார்கள், கொழும்பிலிருந்து வந்தவர்களும் கேட்டார்கள். மாவு எனக்கு நன்றாக வரும். அது என் கைவேலை இல்லை, குளிரின் வேலை. எங்கள் பக்கத்துக் குளிரில் விரல் நுனி எப்போதும் சில்லென்று இருக்கும். பட்டர் உருகாமல் மாவோடு உதிர்ந்து சேரும். வெறும் மாவை முதலில் தனியாகச் சுட வேண்டும். அது எழும்பாமல் இருக்க மேலே காகிதம் போட்டு ஒரு டின் கவ்பிப் பயறைக் கொட்டுவேன். வருஷக் கணக்காக அதே கவ்பிதான், கருகிக் கல்லாகிவிட்டது. அக்கா ஒவ்வொரு தடவையும், "அத அவிச்சுக் குடுத்திருந்தா நாலு பேரு பசியாறியிருப்பாங்க, பாவம், பேப்பர் மேல குந்தவச்சே கொன்னுட்ட" என்பார்.

சிக்கல் உப்பில்தான். பேக்கனில் உப்பு உண்டு, சீஸில் உப்பு உண்டு. ஒரு பொட்டலம் போல இன்னொன்று இருக்காது. முட்டைப் பாலில் எவ்வளவு போடுவது என்பதைத் தின்று பார்த்துத்தான் சொல்ல முடியும். போறணை அடுப்புக்குள் போன பிறகு திருத்த முடியாது. என்னால் தின்று பார்க்க முடியாது. நான் பங்களாவுக்கு வருவதற்கு முன்பே, மகள் கைக்குழந்தையாக இருக்கும்போது காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தாள். டொக்டர் கையை விரித்தார். தோட்டத்து மாரியம்மனிடம், பிள்ளை பிழைத்தால் கவிச்சி வாயில் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிள்ளை பிழைத்தாள். மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றையும் அன்றோடு விட்டேன். சமையல் வேலையை விட முடியாது. மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வெயிட்டர் முஸ்லிம். அவரும் பன்றி தொடமாட்டார். ஆக அந்தக் குசினியில் பேக்கனுக்கு இருந்தது ஒரே நாக்குதான். அது அக்காவின் நாக்கு.

ஒரு துண்டு பேக்கனைப் பொரித்து, விரல் அளவு சீஸோடு தட்டில் வைப்பேன். அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணை மூடி மெல்லுவார். பிறகு தீர்ப்பு. உப்பு குறைவு என்றால், "உப்பு தூங்குது தம்பி, எழுப்பு." கூடுதல் என்றால், "கங்காணி மாதிரி கத்துது. நீ வேற போட்டுராத." ஒரு நாள் காலையில் சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்: "உப்பு மட்டும் பெரட்டுக்கு வந்துருச்சு, மத்ததெல்லாம் இன்னும் லயத்துல படுத்துக் கெடக்கு." காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்தில் முப்பது வருஷம் நின்றவர். வேறு எப்படிச் சொல்வார்? அவர் சொன்னபடி போட்டேன். ஒரு தட்டும் மிச்சம் வந்ததில்லை.

அக்காவுக்கு வயது கடந்துவிட்டது, கை வேகமும் குறைந்துவிட்டது. மெனேஜர் ஒரு நாள் என்னிடம் சிங்களத்தில், கழுவுவதற்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று கேட்டார். அக்கா ருசி பார்க்காமல் என்னால் சமைக்க முடியாது என்றேன். மெனேஜர் அந்தப் பேச்சை அதோடு விட்டார். அக்காவுக்கும் அது தெரியும். வலப்பனையில் மகன் வீடு இருந்தது. போக அவருக்கு மனமில்லை. "மருமக கையப் பாத்து உக்காந்திருக்க எனக்கு இன்னும் நாள் இருக்கு" என்பார். கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த அந்த இரண்டடி இடம் அவருக்குச் சொந்தக் காணி மாதிரி.

பிறகு ஊரடங்கு போட்ட வருஷம் எல்லாருக்கும் வந்த அந்தக் காய்ச்சல் அக்காவுக்கும் வந்தது. மூன்று வாரம் லயத்து வீட்டில் கிடந்தார். திரும்பி வந்தபோது இளைத்திருந்தார். விருந்தினர் மெல்ல வரத் தொடங்கியிருந்த நேரம். பேக்கன் துண்டை வைத்தேன். கண்ணை மூடி மென்றார். "சரியா இருக்கு தம்பி" என்றார். அடுத்த முறையும் அதுதான். அதற்கடுத்த முறையும் அதுதான். உப்பு தூங்கவும் இல்லை, கத்தவும் இல்லை. எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். உடம்பு தேறவில்லை, அதனால் பேச்சுக் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பேச்சைக் குறைவாக வைத்திருக்கிறவனுக்கு மற்றவர் பேச்சுக் குறைவது சீக்கிரம் உறைப்பதில்லை.

ஒரு வாரத்தில் இரண்டு தடவை கீஷ் பாதியாகத் திரும்பி வந்தது. மெனேஜர் குசினிக்கு வந்து தட்டை மேசையில் வைத்தார். உப்பு கூடுதல், என்றார். என் கை தவறிவிட்டது என்றேன். ஞாயிற்றுக்கிழமை முதலாளி ஆட்களோடு சாப்பிட வருகிறார், அன்றும் இப்படி வந்தால் குசினியில் யாரை வைப்பது என்று யோசிக்க வேண்டிவரும் என்றார். அக்கா தொட்டிப் பக்கம் திரும்பி நின்று, ஏற்கெனவே கழுவிய சட்டியையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் நான் செய்தது சரியில்லை. கொஞ்சம் முட்டையில் ஒரு கரண்டி உப்பைக் கொட்டி, பேக்கனோடு பொரித்து, தட்டில் வைத்துக் கூப்பிட்டேன். அக்கா வந்தார். கண்ணை மூடினார். மென்றார். விழுங்கினார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"சரியா இருக்கு தம்பி."

சாப்பாட்டறை ஜக்கிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றி நீட்டினேன். அக்கா கிளாஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தண்ணி நான் கேக்கலயே."

"குடிங்கக்கா."

"எம்புட்டுப் போட்ட?"

"ஒரு கரண்டி."

விறகுப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். தண்ணீரை முழுதும் குடித்தார். "ஒரு மாசமா எனக்குத் தேத்தண்ணியும் வெந்நீரும் ஒண்ணுதான் தம்பி. சூடு மட்டுந்தான் தெரியுது. சொன்னா வீட்டுக்குப் போங்கம்பாங்க. அதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

"வாயத் தொறந்துதானக்கா பொய் சொன்னீங்க."

அக்கா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். "பதினஞ்சு வருசத்துல இன்னைக்குத்தான்டா ஒரு பேச்சு முழுசாப் பேசியிருக்க, அதுவும் என்னத் திட்டுறதுக்கு" என்றார். நான் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒரு மனுஷியை எலிக்குப் பொறி வைப்பது மாதிரி வைத்துப் பிடித்தது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

வேறு யாரையாவது ருசி பார்க்கச் சொன்னால் விஷயம் வெளியே போய்விடும். இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். பேக்கனை முதலில் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பொரிப்பது. முட்டைப் பாலில் உப்பே போடாமல் விடுவது. வேண்டியவர்கள் மேசையில் போட்டுக்கொள்ளட்டும். இது நான் சொன்னது. சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்? அதை அக்கா சொன்னார். "அந்த ரெண்டு நாளும் ஜக்கு காலியா வந்துச்சு தம்பி. இந்தக் குளிர்ல எவன் பச்சத்தண்ணி குடிப்பான்? கழுவுறப்பவே எனக்குச் சந்தேகம் தட்டுச்சு. நாக்கு போனா என்னா, கண்ணு இருக்குல்ல."

ஞாயிறன்று பேக்கனோடு லீக்ஸ் தண்டும் நறுக்கிப் போட்டேன். கீஷ் பொன்னிறமாக எழும்பி வந்தது. அக்கா ஜக்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பி வெயிட்டர் கையில் கொடுத்தார். பிறகு இரண்டு பேரும் சும்மா நின்றோம். செய்ய வேலை நிறைய இருந்தது. ஒன்றும் செய்யவில்லை. முதலில் தட்டுகள் வந்தன. வெறும் தட்டுகள். மரியாதைக்காகவும் சாப்பிட்டு முடிப்பவர்கள் உண்டு, அதனால் அக்கா நம்பவில்லை. கடைசியில் ஜக்கு வந்தது. இரண்டு விரல் அளவுதான் குறைந்திருந்தது. அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, கோயில் திருவிழாவில் மாதா சுரூபம் தூக்குவது மாதிரி தலைக்கு மேல் தூக்கினார். "ஊத்துனது அப்புடியே இருக்குடா!" இறக்கும்போது குழாயில் தட்டி வாய் ஓரம் உடைந்தது.

அதன் பிறகு எங்கள் வேலை அப்படித்தான் நடந்தது. மேசைக்குப் புது ஜக்கு வந்தது. எது சமைத்தாலும் அக்கா ஜக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். இரண்டு வருஷம் யாருக்கும் தெரியாது. கடைசியில் முதுகு முற்றாக முடியாமல் போனபோது அவரே மெனேஜரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். யாரும் போகச் சொல்லவில்லை. அது அவருக்குப் பெருமை. போகிற அன்று, பழைய ஜக்கைச் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "உனக்கும் நாக்கு இல்ல, எனக்கும் நாக்கு இல்ல. இத நீயே வச்சுக்க" என்றார். இப்போது வலப்பனையில் மகனோடு இருக்கிறார். மாதம் ஒரு தடவை போன் எடுப்பேன். ருசி வந்ததா என்று கேட்பேன். "காப்பி வாசம் மட்டும் தூரத்துல வருது தம்பி, யாரோ அடுத்த லயத்துல போடுற மாதிரி" என்பார். மருமகள் நல்லவள்தானாம். அதைக் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் சொல்வார்.

நானும் வேலையை விட்டுவிட்டேன். முழங்கால் நிற்க விடுவதில்லை. போன மாதம் மகள் புருஷனோடு கொழும்பிலிருந்து வந்தாள். கையில் பேக்கன், சீஸ், ஒரு சின்ன மின்சாரப் போறணை. "அப்பா, பங்களாவுல ஊருக்கெல்லாம் செஞ்சு குடுத்தீங்க, எனக்கு ஒருநாள் செஞ்சு தந்தீங்களா?" என்றாள். தந்ததில்லை. மனைவி, சாமி படம் இருக்கிற அறையில் வேண்டாம், பின்பக்கம் வைத்துச் செய்யுங்கள் என்றாள். பின்பக்கத் தாழ்வாரத்தில் செய்தேன். மாவு உதிர்ந்து வந்தது. கவ்பிக்குப் பதில் பச்சரிசி. பேக்கனைக் கொதிக்கவைத்துக் கொட்டினேன். மகள் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தாள். ஆபீஸ் கதை, வாடகை வீட்டுக் கதை. கேட்டுக்கொண்டே செய்தேன். அவளுக்காக நான் விட்டதை அவள் தின்னப் போகிறாள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்காகத்தானே விட்டது.

அலுமாரி மேலிருந்து ஜக்கை எடுத்துக் கழுவி, கழுத்து வரைக்கும் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்தேன். மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வெளியே மூடுபனி. மருமகன் ஸ்வெட்டர் போட்டிருந்தார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். இரண்டாவது துண்டும் வாங்கிக்கொண்டார்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"சரியா இருக்குப்பா" என்றாள் மகள்.

மருமகன் மூன்றாவது கிளாஸ் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜக்கு பாதிக்குக் கீழே போயிருந்தது. பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் கை பழக்கத்தில் உப்புக்குப் போயிருக்கும். எனக்கு நினைவில்லை. நான் ஜக்கைப் பார்ப்பதை மகள் பார்த்துவிட்டாள்.

"நடந்து வந்தது, ஒரே தாகம்பா" என்றாள்.

அவர்கள் வாசல் வரைக்கும் த்ரீவீலரில் வந்தவர்கள்.

ஜக்கை எடுத்துக்கொண்டு போய், மறுபடி கழுத்து வரைக்கும் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தேன்.